பி டீம் போடலாமா? காலேஜ் லக்ரோஸ் கிளப்புக்கு முன்னால் இருக்கும் ஐந்து வழிகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் லக்ரோஸ் கிளப் நடத்தும் நம் பிள்ளைகளும், அவர்களுக்குச் சந்தா கட்டும் அப்பா அம்மாக்களும் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி இது. செப்டம்பரில் டிரையவுட்டுக்கு, அதாவது ஆள் தேர்வுக்கு, அறுபது பேர் வந்து நிற்கிறார்கள். ஒரு டீமில் இருபத்தைந்து பேருக்கு மேல் உருப்படியாக ஆட முடியாது. மீதிப் பேரை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்புவதா, பெஞ்சில் உட்கார வைப்பதா, பி டீம் என்று இரண்டாவதாக ஒரு டீம் போடுவதா?

பொறுமை இல்லாதவர்களுக்காக என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி டீமுக்கான கோலி, அதாவது கோல்கீப்பர், யார் என்று பெயரோடு தெரியவேண்டும், மூன்று மணி நேர வேன் தூரத்துக்குள் ஐந்து ஆட்டங்களாவது டிசம்பருக்குள் தேதியோடு உறுதியாகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தயங்காமல் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன. பையன்களுக்கு ஆர்வம் எவ்வளவு என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. செப்டம்பரில் ஆர்வம் இல்லாத கிளப் எங்கே இருக்கிறது?

## கொஞ்சம் பின்னணி

லக்ரோஸ் ஹோடெனோஷோனி உள்ளிட்ட வட அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆடிவந்த ஆட்டம். நுனியில் வலை கட்டிய நீளக் கோலால் (ஸ்டிக்) பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடவேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு 10 பேர்: ஒரு கோலி, மூன்று டிஃபென்ஸ், மூன்று மிட்ஃபீல்ட், மூன்று அட்டாக். 15 நிமிஷக் கால்பகுதிகள் நான்கு.

கல்லூரிகளே நேரடியாக நடத்தும் டீம்களுக்கான அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் முதல் டிவிஷனில் ஆண்கள் லக்ரோஸ் டீம் வைத்திருக்கும் கல்லூரிகள் எழுபத்துச் சொச்சம்தான், அதுவும் பெரும்பாலும் கிழக்குக் கரையோரம். மற்ற இடங்களில், நாற்பதாயிரம் மாணவர்கள் படிக்கும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகமாகவே இருந்தாலும், லக்ரோஸ் என்றால் பெரும்பாலும் மாணவர்களே நடத்தும் கிளப்தான். அந்தக் கிளப்புகளுக்கான பெரிய அமைப்பு எம்.சி.எல்.ஏ. அந்தப் பெயரில் 2006 முதல் இருக்கிறது, இரண்டு டிவிஷன்கள் உண்டு, மே மாதம் தேசியப் போட்டி நடக்கும். சம்பளக் கோச், விமானப் பயணம், ஹோட்டல் என்று ஓடும் கிளப்புகள் இதில் நிறைய. மிஷிகன் 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை இதில் சாம்பியன் ஆகி, அப்புறம் 2012 சீசனில் நேராக என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷனுக்கே போய்விட்டது. யூட்டா 2019-இல் அதே வழியில் போனது. இன்னொரு பக்கம் என்.சி.எல்.எல். என்று ஒரு லீக், பெரும்பாலும் கிழக்கில், செலவும் கெடுபிடியும் குறைவு, பக்கத்து ஊரில் ஆடிவிட்டு ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பி டீம் பிரச்சினை முதல் வகைக் கிளப்புகளில்தான் முற்றுகிறது. மே மாதத்தைக் குறிவைத்து ஓடும் டீமுக்கும், வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியாடினால் போதும் என்று வந்த பையனுக்கும் ஒரே சந்தா, ஒரே பிராக்டிஸ், ஒரே வாட்ஸ்ஆப் குரூப் என்று வைத்தால் பிப்ரவரியில் சண்டை வராமல் இருக்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

ஆட்ட நேரம். ஒரு சாதாரணச் சனிக்கிழமை ஆட்டத்தில் யார் யார் உள்ளே போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அட்டாக் மூன்று பேர், அவர்கள் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. கோல் போடும் மிட்ஃபீல்ட் இரண்டு வரிசை, ஆறு பேர். தடுப்பதற்கென்றே இறங்கும் குட்டைக்கோல் மிட்ஃபீல்டர்கள் மூன்று. நீளக்கோல் மிட்ஃபீல்டர் இரண்டு. கோல் பக்கத்து டிஃபென்ஸ் மூன்று. ஃபேஸ்ஆஃபுக்கு (ஆட்டத்தைத் தொடங்க நடுவில் இருவர் பந்துக்கு மோதுவது) மட்டும் ஓடிப்போய் ஓடிவருகிறவர்கள் இரண்டு. கோலி ஒன்று. ஆக 20. அடிபட்டவர், களைத்தவருக்கு மாற்று என்று இன்னும் ஐந்து சேர்த்தால் 25. பட்டியலில் 45 பேர் இருந்தால் இருபது பேர் ஒப்புக்குச் சப்பாணிதான், நாம் அதை எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும்.

கோலி. இரண்டு டீம் என்றால் மூன்று கோலி வேண்டும், இரண்டு இல்லை. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கெட்டியான ரப்பர்ப் பந்து மணிக்கு 80, 90 மைல் வேகத்தில் வரும், கோலிக்குத் தொடையில் கவசமும் பெரும்பாலும் இருக்காது. ஒரே கோலியை ஏ டீம் பிராக்டிஸில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அப்படியே பி டீம் பக்கம் அனுப்பினால், புதன்கிழமைக்குள் அவன் தொடையில் பந்து அளவுக்கு வட்ட வட்டமாக ஊதா நிறத் தழும்பு. மூன்றாம் வாரம் "மிட்டெர்ம் இருக்கிறது" என்று மெசேஜ் வரும். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எதிரில் ஆட ஆள். பி டீமுக்கு லீக் தானாக அட்டவணை போட்டுத் தராது. பக்கத்துக் கல்லூரியின் பி டீம், சின்னக் கல்லூரியின் இரண்டாம் டிவிஷன் கிளப், படிப்பு முடித்தவர்களின் ஊர் கிளப், ஜூனியர் டீம் வைத்திருக்கும் மூன்றாம் டிவிஷன் கல்லூரி என்று நீங்களே தேடிப்பிடிக்கவேண்டும். பாஸ்டனைச் சுற்றியோ பால்டிமோரைச் சுற்றியோ இருந்தால் பெரிய வேலையில்லை. மொன்டானாவிலோ நெப்ராஸ்காவிலோ இருந்தால் முதல் டீமுக்கே ஆள் தேடி ஐந்தாறு மணி நேரம் ஓட்டவேண்டியிருக்கும்.

தலைக்கு உண்மையான செலவு, அதை யார் கட்டுகிறார்கள் என்பதும். கீழே விவரமாக வருகிறேன்.

மைதானம். பல்கலைக்கழகத்தில் கிளப் விளையாட்டுகளைக் கவனிக்கும் ரெக் ஸ்போர்ட்ஸ் அலுவலகம் விளக்கு போட்ட மைதானத்தைக் கிளப்புக்கு வாரம் இத்தனை மணி நேரம் என்றுதான் தரும், டீமுக்கு இத்தனை என்று தராது. ரக்பியும் அல்டிமேட் ஃபிரிஸ்பியும் அதே புல்லுக்காக வரிசையில் நிற்கின்றன.

அடுத்த வருஷம் யார்? கிளப்பை நடத்துவது மாணவர்கள். தலைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருவர் உற்சாகத்தில் தொடங்கி அடுத்த வருஷமே படுத்துவிடும் பி டீமால் கிளப்பின் பெயர்தான் கெடும். ரெக் அலுவலகத்தில் அடுத்த முறை கேட்கப் போனால் பழைய கதையை எடுத்துப் போடுவார்கள்.

விதி. ஒரே பையன் இரண்டு பட்டியலில் இருக்கலாமா, சீசன் நடுவில் மேலே ஏற்றலாமா, ஒரு கல்லூரிக்கு இரண்டு டீம் பதிய விடுவார்களா என்பதெல்லாம் லீக்குக்கு லீக் மாறும். சந்தா வசூலிக்கும் முன் படித்துவிடுங்கள்.

## வழி 1: கழித்துவிட்டு ஒரே டீம்

முப்பது பேரை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மின்னஞ்சல். சுத்தமான வழி. பிராக்டிஸ் தரமாக இருக்கும், கோச்சுக்குத் தலைவலி இல்லை, பயணத்துக்குப் பேருந்து ஒன்று போதும்.

வெளியே தெரியாத விலை என்ன என்றால், அனுப்பப்பட்ட முப்பது பேரின் சந்தா போய்விடும், அது முதலில் உறைக்கும். அதைவிடப் பெரியது மூன்றாம் வருஷம் உறைக்கும். பதினெட்டு வயதில் ஒல்லியாக, இடது கையால் பிடிக்கத் தெரியாமல் வந்தவன்தான் இருபது வயதில் உங்கள் இரண்டாம் வரிசை மிட்ஃபீல்டர் ஆகியிருப்பான். அவனை அனுப்பிவிட்டீர்கள், அவன் இப்போது ரக்பி ஆடுகிறான். கல்லூரியே நடத்தும் வர்சிட்டி டீமுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் பள்ளியிலிருந்தே ஆள் பிடித்து வருகிறார்கள். கிளப்புக்கு டிரையவுட்டுக்குத் தானாக நடந்து வருகிறவன்தான் ஆள்.

இதுவே சரியாக இருக்கும் இடமும் உண்டு. டிரையவுட்டுக்கு வருவதே முப்பத்தைந்து பேர் என்றால் ஐந்து பேருக்காக வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. தேசியப் போட்டிக்குப் போகும் தரத்தில் இருக்கும், வருஷத்துக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் சந்தா வாங்கும் கிளப்பும் கழிப்பதுதான் நேர்மை. ஆடப்போகாத பையனிடம் அந்தப் பணத்தை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

## வழி 2: யாரையும் கழிக்காமல் ஒரே பெரிய பட்டியல்

பெரும்பாலான கிளப்புகள் இதைத்தான் செய்கின்றன. யோசித்துச் செய்வதாகத் தெரியவில்லை, "வேண்டாம்" என்று சொல்ல முடியாமல் செய்கிறார்கள். சந்தா முழுசாக வரும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அக்டோபர் வரைக்கும்.

பட்டியலில் 45 பேர் இருக்கும் கிளப்பின் செவ்வாய்க்கிழமை ராத்திரி பிராக்டிஸுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். மைதானத்தின் இரண்டு பாதியிலும் ஆறுக்கு ஆறு நடக்கிறது, கோலியோடு சேர்த்துப் பாதிக்குப் பதின்மூன்று, ஆக 26 பேர் ஓடுகிறார்கள். மீதிப் பத்தொன்பது பேர் கோட்டுக்கு வெளியே, ஹெல்மெட்டை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, இரண்டு இரண்டு பேராகப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோச் "அடுத்த செட்" என்று கத்தும்போது போன தடவை போன அதே எட்டுப் பேர்தான் முதலில் ஓடுகிறார்கள். ஒன்பதரை மணிக்கு ஒருவன் பையிலிருந்து போனை எடுத்துவிட்டால் அவனை இனிமேல் எதிர்பார்க்கவேண்டாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவைக் கட்டுகிறவன் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். ஆயிரத்து ஐந்நூறு டாலர் சந்தா, அதுபோக ஹெல்மெட் மட்டும் முந்நூறு டாலரைச் சுற்றி, கையுறை, கைக்கவசம், கோல். 2022-இலிருந்து தோள் கவசத்தில் என்.டி.200 தரச்சான்று இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் மார்பில் தவறான நொடியில் பந்து பட்டால் இதயமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அண்ணன் போட்ட பழைய கவசத்தையும் எடுத்துப் போட முடியாது. இவ்வளவும் செலவழித்து அவன் சீசன் முழுக்க ஆடியது, பன்னிரண்டு கோல் முன்னிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிஷம்.

ஆனால் பட்டியல் 30 முதல் 36 வரை இருந்தால் இது நன்றாகவே ஓடும், ஒரு நிபந்தனையோடு. பயண அணி, உள்ளூர் அணி என்று சந்தாவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வெளியூருக்குப் போகாதவன் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் பணம் கட்டக்கூடாது. இதை மட்டும் செய்தாலே பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

## வழி 3: அதே கிளப்புக்குள் பி டீம்

ஒரே கிளப், ஒரே வங்கிக் கணக்கு, ஒரே தலைவர், ஆனால் தனிப் பட்டியல், தனிக் கேப்டன், தனி அட்டவணை. பி டீம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் மனதில் இருப்பது இதுதான். எனக்கும் பிடித்தது இதுதான், ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஐந்து வழிகளிலும் மோசமானதும் இதுவேதான்.

பணத்தைப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இருபது பேர், ஆறு ஆட்டம், மூன்று உள்ளூரில், மூன்று வெளியூரில். நட்பு ஆட்டத்துக்கு நடுவர் இரண்டு பேர், தலைக்கு 120, ஆக 240 டாலர். அடிபட்டால் பார்க்க அத்லெடிக் டிரெய்னர், மூன்று மணி நேரத்துக்கு 160. ஒரு உள்ளூர் ஆட்டத்துக்கு 400, மூன்றுக்கு 1,200. வெளியூருக்கு இரண்டு வேன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 300, மூன்று தடவைக்கு 900. இருபுறமும் போடக்கூடிய பனியன் இருபது, 35 வீதம் 700. பி டீம் கோச்சாக வரும் பழைய மாணவருக்குக் கைச்செலவு 1,000. கூட்டினால் 3,800. தலைக்கு 190 டாலர். உறுப்பினர் கட்டணம், பந்து, எதிர்பாராத செலவு எல்லாம் சேர்த்தாலும் 300 டாலரைத் தாண்ட வழியில்லை.

ஆனால் நடைமுறையில் பி டீம் சந்தா 800, 900 என்று வைப்பார்கள். வித்தியாசம் எங்கே போகிறது? ஏ டீம் மார்ச்சில் கலிஃபோர்னியாவுக்குப் பறக்கிறதே, அங்கே. பி டீம் பையன்கள் கணக்குப் படிக்காதவர்கள் இல்லை, பாதிப் பேர் இன்ஜினியரிங். ஒருவன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும், அப்புறம் கிளப் தேர்தலில் அது எதிரொலிக்கும். பி டீமின் பணம் பி டீமுக்கே என்று கிளப் விதிகளில் எழுதிவைத்துவிடுங்கள். ஏ டீமுக்கு உதவவேண்டும் என்றால் கோச் சம்பளத்தில், மைதான வாடகையில் நியாயமான பங்கைக் கட்டட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

பணமில்லாத செலவுகளும் இருக்கின்றன. பல பல்கலைக்கழகங்கள் கவிழும் அபாயத்தால் பதினைந்து இருக்கை வேனை அனுமதிப்பதில்லை, அதனால் இருபது பேர் போக இரண்டு வேன், இரண்டு ஓட்டுநர், அந்த இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தின் ஓட்டுநர் பயிற்சியை முடித்திருக்கவேண்டும், வயது வரம்பும் இருக்கலாம். முதலாமாண்டுப் பையன்கள் நிறைந்த பி டீமில் இப்படி இரண்டு பேர் கிடைப்பது கோலி கிடைப்பதைப் போலவே கஷ்டம். ஜனவரியில் இதற்காகவே ஒரு ஆட்டம் ரத்தாகும்.

கேப்டன் விஷயத்தில் ஒரு யோசனை. ஏ டீமில் இடம் கிடைக்காமல் மனம் வெந்து போனவனைச் சமாதானப்படுத்த பி டீம் கேப்டன் ஆக்காதீர்கள். அவன் கண் எப்போதும் மேலேயே இருக்கும், மேலே கூப்பிட்ட அன்றைக்கே பி டீமை மறந்துவிடுவான். ஏ டீமுக்கான நேரமோ ஆசையோ இல்லாத மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், ஆட்டம் தெரிந்தவன், கெமிஸ்ட்ரி லேபால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரமுடிகிறவன் இருப்பான். அவன்தான் சரியான ஆள். அவனுக்கு நிர்வாகக் குழுவில் ஓட்டோடு ஒரு இடமும் கொடுங்கள், ஓட்டு இல்லாத பி டீமுக்கு மைதான நேரம் எப்போதும் ராத்திரி பத்தரை மணிதான் கிடைக்கும்.

பிராக்டிஸை எப்படிப் பிரிப்பது? முழுதும் தனித்தனியாக வைத்தால் பி டீம் பையன் மேலே ஏறவே மாட்டான், முழுதும் ஒன்றாக வைத்தால் வழி 2-இன் கதைதான். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக, மற்ற நாட்கள் தனியாக, இது பல இடங்களில் ஓடுகிறது. அந்தப் பொது நாளில் ஏ டீமின் இரண்டாம் வரிசையைப் பி டீமின் முதல் வரிசையோடு மோதவிடுங்கள். யார் எங்கே இருக்கவேண்டும் என்பது கோச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

## வழி 4: வேறு லீக்கில் தனி டீம்

ஏ டீம் எம்.சி.எல்.ஏ.வில், இரண்டாவது டீம் என்.சி.எல்.எல். மாதிரி செலவு குறைந்த லீக்கில். இந்த வழியின் பெரிய லாபம் அட்டவணை. ஆட்டம் தேடி அலையவேண்டாம், லீக்கே பக்கத்து ஊர்களோடு முடிச்சுப் போட்டுத் தரும், கடைசியில் பிளேஆஃப் உண்டு, பையன்களுக்கு ஜெயிப்பதற்கென்று ஒன்று இருக்கும். நட்பு ஆட்டம் மட்டுமே ஆடும் டீமில் ஏப்ரல் வந்ததும் ஆள் குறையும், லீக் அட்டவணை இருக்கிற டீமில் அவ்வளவு குறையாது.

சிக்கல் என்னவென்றால் இது கிட்டத்தட்ட தனிக்குடித்தனம். லீக் கட்டணம் தனி, அதிகாரபூர்வ நடுவர்கள் தனி, ஆட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் தனி. ஏ டீமில் இரண்டு பேருக்கு முட்டி போனால் இங்கிருந்து ஆளை இழுக்க முடியாமல் போகலாம். ரெக் அலுவலகமும் "ஒரே விளையாட்டுக்கு இரண்டு கிளப்பா?" என்று கேட்கும், மாணவர் சங்க நிதி பெரும்பாலும் கிளப்புக்கு இவ்வளவு என்றுதான், இரண்டாகப் பிரிந்தால் யாருக்கு எவ்வளவு என்று இழுபறி. இரண்டு மூன்று வருஷத்தில் இரண்டு டீமும் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு.

கிழக்குக் கரையில் இருந்து, அறுபது பேருக்கு மேல் வந்து, நான்கு கோலி கையில் இருந்தால் இதுதான் சிறந்த வழி. வேறு எங்கே இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், அந்த லீக்கே பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்காது.

## வழி 5: டீம் வேண்டாம், சிக்ஸஸ் ஆடுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் சேர்த்துக்கொள்கிறேன். சிக்ஸஸ் என்பது லக்ரோஸின் சின்ன வடிவம்: பக்கத்துக்கு ஆறு பேர், 8 நிமிஷக் கால்பகுதிகள் நான்கு, 30 விநாடிக்குள் ஷாட் எடுக்கவேண்டும், நீளக்கோல் கிடையாது, மைதானம் 70 மீட்டருக்கு 36 மீட்டர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் லக்ரோஸ் ஆடப்போவது இந்த வடிவத்தில்தான். அந்த முடிவை ஒலிம்பிக் கமிட்டி எடுத்தது 2023 அக்டோபரில் மும்பையில், கிரிக்கெட்டைச் சேர்த்த அதே கூட்டத்தில், ஆனால் நம் ஊர்ச் செய்திகளில் கிரிக்கெட் மட்டும்தான் வந்தது.

பி டீமுக்குத் தேவையான இருபது பேரை மூன்று சிக்ஸஸ் அணிகளாகப் பிரித்து வெள்ளிக்கிழமை மாலைகளில் உள்ளுக்குள்ளேயே ஒரு லீக் நடத்தினால் வேன் இல்லை, எதிராளி தேடவேண்டாம், நடுவராக ஏ டீம் பையன்களே நிற்கலாம், எல்லோரும் ஆடுவார்கள். சந்தா நூறு டாலர் கூட வராது. புதிதாகக் கோல் பிடித்தவனுக்கு ஒரு மாலையில் பந்து கைக்கு வருவது, பெரிய மைதானத்தில் ஒரு மாதத்தில் வருவதைவிட அதிகம்.

குறைகள்: நீளக்கோல் டிஃபென்டர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்குக் குட்டைக்கோல் தேடவேண்டும். கல்லூரிச் சட்டை போட்டு வேறு கல்லூரியோடு மோதுவதில் இருக்கிற கிக் இதில் இல்லை, "நான் காலேஜ் டீமில் ஆடுகிறேன்" என்று பாட்டியிடம் போனில் சொல்ல முடியாது. அதற்காகவே சிலர் போய்விடுவார்கள். கோலி தட்டுப்பாடு இங்கேயும் தீராது, ஆனால் பாதி ஆட்டத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி நிற்கலாம்.

## ஒரே பார்வையில்

| | ஆட்ட நேரம் | கோலி தேவை | தலைக்குச் செலவு | நடத்தும் சுமை | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| 1. கழித்து ஒரே டீம் | இருப்பவர்களுக்கு நிறைய | 2 | அதிகம் | குறைவு | 35-க்குள் வந்தால், அல்லது தேசியப் போட்டி இலக்கு |
| 2. ஒரே பெரிய பட்டியல் | பாதிப் பேருக்கு இல்லை | 2 | ஆடாதவனுக்கு அநியாயம் | நடுத்தரம் | 30–36 பேர், சந்தா இரண்டு தட்டாக |
| 3. கிளப்புக்குள் பி டீம் | நல்லது | 3 | நியாயமாக வைத்தால் 300-க்குள் | அதிகம் | 45–55 பேர், பக்கத்தில் எதிராளிகள் |
| 4. வேறு லீக்கில் டீம் | மிக நல்லது | 4 | நடுத்தரம் | மிக அதிகம் | 60-க்கு மேல், கிழக்குக் கரை |
| 5. சிக்ஸஸ் | எல்லோருக்கும் | பகிர்ந்துகொள்ளலாம் | மிகக் குறைவு | குறைவு | ஆள் உண்டு, எதிராளி இல்லை |

36-க்கும் 45-க்கும் நடுவில் இருக்கும் கிளப்புகள்தான் மாட்டிக்கொள்கின்றன. பி டீமுக்கு ஆள் போதாது, பதினான்கு பேரோடு வெளியூர் போனால் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அவர்களுக்கு என் யோசனை, முதல் வருஷம் சிக்ஸஸ், கூடவே ஃபால் (இலையுதிர்கால) சீசனில் மட்டும் இரண்டு பி டீம் ஆட்டம். ஃபாலில் லீக் ஆட்டம் இல்லை, ஏ டீம் ஓய்வாக இருக்கும், அதிலிருந்து நான்கு பேரைக் கடன் வாங்கலாம். அதற்கும் பதினாறு பேர் ஒழுங்காக வந்தார்கள் என்றால் அடுத்த வருஷம் வழி 3-க்குப் போங்கள்.

## சீசன் நடுவில் ஆளை மேலே இழுப்பது

பி டீம் போட்டவர்கள் எல்லோருக்கும் மார்ச்சில் வரும் தகராறு இது. ஏ டீமில் இரண்டு மிட்ஃபீல்டர்களுக்கு அடிபடுகிறது, பி டீமின் சிறந்த இரண்டு பேரைக் கோச் கூப்பிடுகிறார், அதே சனிக்கிழமை பி டீமுக்கு ஆட்டம் இருக்கிறது. மேலே போனவர்கள் ஏ டீம் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறார்கள், கீழே பி டீம் பதின்மூன்று பேரோடு தோற்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். மேலே கூப்பிட்டால் குறைந்தது ஒரு கால்பகுதி ஆட்டம் நிச்சயம், இல்லையென்றால் கூப்பிடாதே, பி டீம் ஆட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் முடிவைச் சொல்லிவிடு என்று இரண்டு வரியை ஜனவரியிலேயே கோச்சிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோச் முணுமுணுப்பார், பரவாயில்லை.

பெண்கள் கிளப்புகளுக்கு ஒரு வார்த்தை. கோலியோடு 12 பேர் ஆடுவதால் ஆள் எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் கோலிக்கு மட்டும்தான் கட்டாயம், மற்றவர்கள் கோல், கண்கவசம், மவுத்கார்டு இருந்தால் இறங்கிவிடலாம். லக்ரோஸே ஆடிப் பார்க்காத ஒரு பெண்ணை "சும்மா வந்து ஆடிப் பாரேன்" என்று கூட்டிவருவது இங்கே நூறு டாலருக்குள் முடிகிற காரியம், ஆண்கள் பக்கம் அது அறுநூறு எழுநூறு. அதனால் பெண்கள் பி டீமில் புதுமுகங்கள் நிறைய இருப்பார்கள், ஆறு ஆட்டத்துக்குப் பதில் நான்கு வைத்து, மிச்சமாகும் பணத்தில் கற்றுத்தரத் தெரிந்த ஒரு கோச்சைப் பிடியுங்கள்.